விண்ணப்பம் காத்திருக்கட்டும், நீங்கள் காத்திருக்க வேண்டாம்
வன்னி வாசகர்களின் தொழில் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கலைப்பட்டம் முடித்து மூன்று வருடமாகிறது. தனியார் வேலைக்குப் போனால் அரச நியமனம் கிடைக்காது என்று வீட்டில் மறிக்கிறார்கள். போவதா, இருப்பதா?
– பட்டதாரி, பரந்தன்

பதில்: போங்கள், தங்கச்சி. விண்ணப்பம் காத்திருக்கட்டும், நீங்கள் காத்திருக்க வேண்டாம். வீட்டாரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுக்கும் திட்டம் வந்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் கணக்கு இருந்தவர்களின் பெயர்கள் விடுபட்டன. அவர்கள் மேன்முறையீடு செய்து அலைய வேண்டி வந்தது. சும்மா இராமல் உழைத்த பிள்ளைக்குத் தண்டனை கொடுத்த அந்த நடைமுறை பெரிய அநியாயம். அதற்காக நீங்களே உங்களை வீட்டுக்குள் அடைத்து வைப்பது அதைவிடப் பெரிய தண்டனை.

நியமனம் கிடைத்தவர்களையும் பாருங்கள். பாடசாலைகளில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், தங்களை ஆசிரியர் சேவைக்குள் எடுக்கும்படி ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். நியமனக் கடிதம் சம்பளத்தைத் தந்தது; அவர்கள் விரும்பிய வேலையை இன்னும் தரவில்லை. கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேணும் என்று சொன்ன நம் பெரியவர்கள், பிள்ளைக்குக் கோழி மேய்க்க விருப்பமா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

கேள்வி: உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியில்லை. என் வாழ்க்கை முடிந்துவிட்டதா?
– மாணவன், தருமபுரம்

பதில்: பரீட்சைதான் முடிந்தது, தம்பி. அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துக்குப் போகும் வழி அடைபட்டால், அதே அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பம், மின், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று பிரிவுகள் உண்டு. தேசிய தொழிற் தகைமையின் 4ஆம் மட்டத்தில் தொடங்கி 5, 6 என்று ஏறலாம். 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். அதை இரத்மலானை யுனிவொடெக் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். நேரே போய் விசாரியுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டறையைக் கண்ணால் கண்டால் அவருக்கும் நம்பிக்கை வரும்.

கேள்வி: மகன் படித்தவன். அரச வேலைக்கு விண்ணப்பிக்காமல் தோட்டம் செய்யப் போகிறானாம். படித்த படிப்பு மண்ணுக்குள் போகவா?
– தந்தை, விசுவமடு

பதில்: ஐயா, இந்தக் கேள்வி வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் வியந்திருக்க மாட்டேன். விசுவமடுவிலிருந்து வந்ததுதான் வியப்பு! உங்கள் ஊர் வளர்ந்ததே படித்த பிள்ளைகள் மண்ணில் இறங்கியதால்தான். 1965 முதல் 1970 வரை இருந்த டட்லி சேனநாயக்கா அரசு உணவு உற்பத்தியில் தீவிரம் காட்டியபோது, விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டம் வந்தது. எழுதுவினைஞர் வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, நுளம்புக்கடியில் கிடந்து மிளகாய் நட்டார்கள்.

1970இல் வந்த அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை வந்தது. கந்தோர் கதிரையை எதிர்பார்த்திருந்தவன் உழவு இயந்திரம் வாங்கினான், கல்வீடு கட்டினான், ஊரில் தலைநிமிர்ந்து நடந்தான். வன்னியில் படித்தவர்கள் தொழிலில் வென்ற கதை எதுவென்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மிச்சத்தையும் சொல்ல வேண்டும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டு மிளகாய் உள்ளே வந்தது, விலை விழுந்தது. அதே மண், அதே கை, அதே உழைப்பு. சந்தை மட்டும் மாறியது. போர் மிச்சத்தையும் தின்றது. ஆகவே மகனிடம் “ஏன் தோட்டம்?” என்று கேட்காதீர்கள், “யாருக்கு விற்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். கச்சானோ பப்பாசியோ, தண்ணீர் எங்கிருந்து, பசளைச் செலவு எவ்வளவு, வாங்குபவர் யார், விலை விழுந்தால் அடுத்த போகத்துக்குக் காசு எங்கே என்று கொப்பியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பதில் வைத்திருந்தால் காணியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் வவுனியா தாண்டிக்குளம் விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா படிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கொடுங்கள். எப்படியும் கொடுங்கள், ஐயா.

கேள்வி: ஆடைத் தொழிற்சாலையில் நாலரை வருடம். கை வேலையோடு பழகிவிட்டது, மனம் பழகவில்லை. நாளைக்கே விட்டுவிடலாம் போலிருக்கிறது.
– தையல் ஊழியர், அக்கராயன்

பதில்: நாளைக்கு வேண்டாம் அக்கா, இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் நிறைவு செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். நாலரையில் விட்டால் அந்தப் பணம் கிடைக்காது.

அந்த ஆறு மாதத்தில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: அலுப்பு தையலிலா, விடியற்காலை பஸ்ஸிலா, டார்கெட்டிலா, உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாத சுப்பர்வைசரிலா? தையல் பிடிக்கும், லைன்தான் பிடிக்கவில்லை என்றால் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பார்க்கலாம், ஊரில் சொந்தமாகவும் தைக்கலாம். சொந்தமாக என்றால் ஒரு மெசினோடு தொடங்குங்கள். வாராவாரம் வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனை மட்டும் எடுக்காதீர்கள். வன்னியில் எத்தனையோ பெண்களின் நித்திரையைப் பறித்த கடன் அது.

கேள்வி: 20 வருடமாக மேசன் வேலை. வீடு கட்டத் தெரியும், சான்றிதழ் காட்டத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்.
– மேசன், மாங்குளம்

பதில்: அண்ணை, இந்த வயதில் வகுப்புக்குப் போகத் தேவையில்லை. அனுபவத்தை வைத்தே மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். தொழிற் பயிற்சி அதிகார சபையின் கிட்டிய நிலையத்தில் கேளுங்கள். கட்டிய வீடுகளின் படங்களையும், வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் எடுத்துச் செல்லுங்கள். சுவர் கட்டிக் காட்டச் சொல்வார்கள். அதில் உங்களுக்கு யார் வாத்தியார்?

கேள்வி: தொண்டு நிறுவன வேலை. மனம் நிறைவு, சம்பளமும் நிறைவு. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.
– கள உத்தியோகத்தர், முல்லைத்தீவு

பதில்: அடுத்த திட்டத்துக்கும் கொண்டுபோகக்கூடிய ஒன்றை இந்தத் திட்டத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்: கணக்கு, அறிக்கை எழுதுவது, சிங்களம். மூன்றும் முடியாவிட்டால் சிங்களம்.

கேள்வி: வவுனியா நகரில் கடையொன்றில் இரண்டு வருடம். முதலாளி நல்லவர், பெருநாளுக்கு உடுப்பு எடுத்துத் தருவார். சேமலாப நிதி மட்டும் கட்டுவதில்லை. கேட்டால் மனம் நோவாரோ?
– கடை ஊழியர், வவுனியா

பதில்: கேளுங்கள், தம்பி. உடுப்பு அவருடைய அன்பு, சேமலாப நிதி உங்களுடைய காசு. வேலை செய்பவர் ஒருவர்தான் என்றாலும், முதல் நாளிலிருந்தே அது கட்டப்பட வேண்டும். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக 3 வீதம். ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில் சேர வேண்டிய தொகை சம்பளத்தின் கிட்டத்தட்ட கால்வாசி. மனதுக்குப் பிடித்த வேலை என்பதற்காக எவரும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலில் அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நல்லவர் என்றால் கட்டுவார். கட்டாவிட்டால் சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, கையில் இருக்கும் எதையும் எடுத்துக்கொண்டு வவுனியா தொழில் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அங்கே முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.