வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம்

கோவைப் பக்கம் பல பள்ளிகளில் காலையில் போனுக்குத் தடை. மாலையில் வீட்டுப்பாடம் வருவதோ வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில். 2020-இல் கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது போன்தான் வகுப்பறை; கதவு திறந்ததும் அதுவே குற்றவாளி. 2023 அசர் (ASER) கல்வி ஆய்வின்படி, ஆய்வு நடந்த கிராமப்புறப் பகுதிகளின் 14–18 வயதினரில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. “குழுவில் இருப்பது பெற்றோர்தானுங்களே?” என்பார்கள். பெயரளவில் சரி, அப்பா மில்லில் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது குழுவைத் திறப்பது பிள்ளைதான். வீட்டுப்பாடம் இரண்டு வரி, அதைத் தேடப்போன விரல் ரீல்ஸில் இரண்டு மணி நேரம். அதற்காகத் தடையே வேண்டாம் என்பதல்ல; போன் வகுப்பில் கவனத்தைச் சிதறடிக்கிறது என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கையே சொல்கிறது. ஆனால் தடை மாணவனுக்கு மட்டும்தானா? வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதுமுங்க. சாக்பீஸுக்கு ரீசார்ஜ் கேட்டதாக இதுவரை தகவல் இல்லை.