மகளின் மேற்படிப்பு

கேள்வி: புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலில் முதுகலை பயில விழைகிறாள் என் மகள். ஆய்வுக்கூடத்தில் கோழியையும் எலியையும் ஆராய்வதால் நோயாளிக்கு என்ன பிரயோசனம்?

பதில்: 1911-இல் நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ், கோழியொன்றின் கட்டியை அரைத்து, உயிரணு புகவியலாத வடிகட்டியில் வடித்த சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்த, அவற்றுக்கும் கட்டி தோன்றிய அற்புதத்தை, மனிதருக்கு இது பொருந்துமோ என்று ஐயுற்ற உலகம், நோபல் பரிசளித்துக் கௌரவிக்க 1966 வரை யோசித்தது. அச்சாற்றிலிருந்து கட்டியை விளைவித்தது ஒரு வைரஸ்; அதன் விபரீத ஜீன் ஆரோக்கியமான பறவைகளின் உயிரணுக்களிலேயே சாதுவாக உறைவதை 1976-இல் பிஷப்பும் வார்மஸும் நிரூபித்தபோதுதான், புற்று என்பது நம் வீட்டுப் பிள்ளையே வழிதவறியது என்று விளங்கிற்று. அந்த ஞானமார்க்கத்தில் விளைந்ததே, 2001 முதல் ஒருவகை ரத்தப் புற்றுநோயாளரை வாழவைக்கும் இமாடினிப் மாத்திரை. மகளை ஆசீர்வதித்து அனுப்புங்கள். பரிசுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாமெனச் சொல்லுங்கள்.