காக்காய்க்கடிக்குத் தடை

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் சம்மர் கேம்ப். ஏப்ரல் பிறந்தால் பேட்டைக்குப் பேட்டை முளைக்கிற கடைகளில் ஒன்று; பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றுதான். களிமண், கீபோர்டு, அபாகஸ், வேத கணிதம், ஆளுமை வளர்ச்சி. பேத்திக்காகப் பணம் கட்டி முடித்ததும் விதிமுறைத் தாளை நீட்டினார்கள். ஏழாவது விதி: குழந்தைகள் கொண்டுவரும் தின்பண்டத்தை மற்றவரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது. எட்டாவது: தின்பண்டம் சுத்த சைவமாக இருக்க வேண்டும், முட்டை கலந்த கேக்கும் ஆகாது. ஒன்பதாவது: 'ஷேரிங் அண்ட் கேரிங்' என்ற தலைப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் நட்சத்திரம் வழங்கப்படும்.

ஏழையும் ஒன்பதையும் ஒரே தாளில் அடித்தவருக்குக் கை கூசவில்லை. எதைப் பகிர்ந்து நட்சத்திரம் வாங்குவதாம்? கிரேயான். அதுவும் அவரவர் பெயர் ஒட்டிய கிரேயான்.

பதினோரு மணி இடைவேளையைச் சுவரோரம் நின்று பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கைக்கு எட்டாத தூரத்தில் போட்டிருந்தார்கள், பரீட்சை ஹால் மாதிரி. ஒரு சிறுமி தட்டையைப் படக்கென்று உடைத்துப் பாதியைப் பக்கத்துப் பையனிடம் நீட்டினாள். மிஸ் பாய்ந்து வந்தார். தட்டையை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, போட்டோ எடுத்து, அம்மாவின் வாட்ஸாப்புக்கு அனுப்பினார்: 'குழந்தைக்கு வீட்டில் எடுத்துச் சொல்லவும்.' நீட்டிய கை அப்படியே நின்றது. பையன் தன் டப்பாவை மூடிக்கொண்டான். இனி யாரிடமும் எதையும் நீட்டக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஆளுமை வளர்ந்துவிட்டது.

காரணம் கேட்டால் "அலர்ஜி சார்" என்கிறார்கள். அலர்ஜி பொய்யில்லை. வேர்க்கடலை சிலருக்கு உயிருக்கே உலை வைக்கும். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்காக எந்த விதியும் போடலாம், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்று சீனா, ரஷ்யா, இந்தியா என மூன்று நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளின் உணவு அலர்ஜியைக் கணக்கெடுத்தது. இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்டது நம் கர்நாடகத்தையே. கிடைத்த அளவு 0.14 சதவீதம், ஹாங்காங்கில் இதைப்போலப் பத்து மடங்கு. 2015இல் வெளியான லண்டன் ஆய்வோ, கைக்குழந்தையிலேயே வேர்க்கடலையைக் கொடுத்துப் பழக்கினால் அந்த அலர்ஜி வருவதே வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. கார்த்திகை மாதம் காடு மல்லேஸ்வரர் கோயிலில் கடலேகாய் பரிஷே நடக்கிற பேட்டை இது. தெருவெல்லாம் கடலைத் தொலி மிதிபட, அப்பன் ஆத்தா இடுப்பில் உட்கார்ந்து கொறித்து வளர்ந்த பிள்ளைகளைத்தான் ஏப்ரலில் கடலை மிட்டாயிலிருந்து காப்பாற்றுகிறார்கள்.

உண்மையான காரணம் எட்டாவது விதியில் இருக்கிறது. வாசலில் காத்திருந்த ஒரு தகப்பனார் குரலைத் தாழ்த்தி அதை உடைத்தும் சொன்னார்: "யார் வீட்டு டப்பால என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும் சார்?" அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை சி.டி.ஆர். ஓட்டலில் பெண்ணெ தோசைக்கு முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் முழங்கை இடிக்க உட்காருவார். அங்கே பயமில்லை, சமையற்கட்டு யாருடையது என்று தெரியும். பயமெல்லாம் ஏழு வயதுப் பெண் நீட்டும் பாதித் தட்டையிடம்.

இந்த நோய் நமக்குப் புதிதா? நூறு வருடத்துக்கு முன்பு சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். போட்டவர் சாதாரண ஆளில்லை. லண்டனில் புரட்சி பேசி, பிரிட்டிஷ் போலீஸுக்குத் தண்ணி காட்டிய வ.வே.சு. ஐயர். தமிழ்நாடு காங்கிரஸும் பணம் கொடுத்து நடந்த இடம் அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பொங்கி எழுந்தபோது ஐயர் சொன்ன சமாதானம்: அந்தப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். 1925இல் காங்கிரஸையே அந்தப் பந்தி உலுக்கிவிட்டது.

அந்தச் சமாதானம் மட்டும் இன்றுவரை செத்தபாடில்லை. சாமராஜநகர் பக்கம் ஹொம்மா கிராமத்து அரசுப் பள்ளியில் தலித் பெண் தலைமைச் சமையலராக வந்த பின், 22 பிள்ளைகளில் ஒரே ஒரு பிள்ளைதான் மிஞ்சியதாக 2025 ஜூனில் செய்தி வந்தது. பெற்றோர் சிலர் சொன்ன காரணம், படிப்பு சரியில்லையாம். அதற்கடுத்த மாதமே மண்டியாவில் ஆலகெரே. பள்ளியில் முட்டை வேகிறது என்று டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கிராமத்தான் டி.சி. வாங்கிச் செய்வதை மல்லேஸ்வரத்தான் விதிமுறைத் தாளில் செய்கிறான், முன்னதற்கு டி.வி. கேமரா வருகிறது, பின்னதற்கு ஜி.எஸ்.டி. ரசீது வருகிறது.

சுத்தம் பற்றி இவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுதான் பெரிய கொடுமை. கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றி, துணியோடு வைத்து நறுக்கென்று கடித்து, எச்சில் படாமல் பங்கு போட்டவர்கள் நாம். காக்காய்க்கடி. எந்தச் சுகாதார அமைச்சகமும் சுற்றறிக்கை விடவில்லை; அரை டவுசர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த நெறிமுறை அது. சட்டை அழுக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் வீட்டுக் கமர்கட்டு என்று கேட்டுவிட்டுக் கடித்தவன் கிடையாது.

சரி, அலர்ஜிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறினால் முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. நிர்வாகியிடம் போய் அது இருக்கிறதா என்று கேட்டேன். "அப்படின்னா?" என்றார். விளக்கினேன். போடத் தெரிந்தவர் யாராவது? "மிஸ்ஸெல்லாம் ஃபைன் ஆர்ட்ஸ் சார்." கிட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? பேரன்ட்டுக்கு போன் பண்ணுவார்களாம். பிறகு, முதல் தடவையாக முகம் மலர்ந்து, "கவலைப்படாதீங்க சார், அதுக்குத்தான் கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து வாங்கியிருக்கோம்" என்றார். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வாமையால் எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல. கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது.