காதைத் திருகினால் ஞாபகம் வருமா?

கேள்வி: சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு மறதியும் சேர்ந்துகொண்டது. காதில் கிளிப் மாட்டி மின்சாரம் கொடுத்தால் மூளை சுறுசுறுப்பாகுமாமே?

பதில்: காதைத் திருகினால் பாடம் ஏறும் என்பது நம் வாத்தியார்களின் பழைய கண்டுபிடிப்பு, மின்சாரம்தான் புதுசு. ஆனால் விஷயம் முழுப் புருடா அல்ல. காதுக் குழிவில் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுகிறது. லேசான மின்துடிப்பு அதன் வழியே மூளைத்தண்டுக்குப் போய், கவனத்தையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளைத் தட்டுகிறது. வலிப்புக்காகக் கழுத்தில் இதே நரம்பைத் தூண்டும் கருவி பொருத்தியிருந்தவர்களை வைத்து 1999-ல் வெளிவந்த ஆய்வில், படித்த சொற்களை அடையாளம் காணும் திறன் கூடியது. அதுவும் மிதமான மின்சாரத்தில்தான், கூட்டியபோது அந்தப் பலனைக் காணோம்.

சர்க்கரை வேகஸையும் அரிக்குமே, பழுதான நரம்பு சேதி கடத்துமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். சும்மா உட்கார்ந்திருக்கையில் நாடி வேகமாக ஓடினால், அந்தச் சேதம் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் எல்லா இழைகளும் ஒரே நாளில் சாவதில்லை. மிச்சம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் வலிப்புக்காரருக்குக் கிடைத்த பலனை இவருக்கு அப்படியே எழுதிக்கொடுக்க முடியாது. கிளிப் வாங்குமுன் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் அது குறையலாம். குறைந்தால் கால் மரப்பு, மறதி இரண்டுமே வரலாம். பி12 ஊசி கிளிப்பைவிட மலிவு.