பச்சை டிக் போடுகிறவன்

சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு என்பதற்காகவே சில பொறுப்புகளை நாம் ஓடிப்போய் ஏற்றுக்கொள்கிறோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி அந்த வகை. எனக்கு வாய்த்தது இன்னொன்று. எந்த மடிக்கணினி, எந்த வைஃபை டாங்கிள், எந்த பிரின்டர் லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என்று பயன்படுத்துகிறவர்களே எழுதி அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்துப் பொதுப்பட்டியலில் ஏற்ற வேண்டும். என் திரையில் இரண்டே பொத்தான்கள்: பச்சை டிக் போட்டால் உள்ளே, சிவப்பைத் தொட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

இப்படி ஒரு பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸுக்கான டிரைவரைப் பெரும்பாலும் பொருளைச் செய்கிற கம்பெனியே கொடுத்துவிடும். லினக்ஸில் சில கம்பெனிகள் எழுதித் தரும். மற்றவற்றுக்கு எங்கோ ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுதியிருந்தால்தான் உண்டு. "லினக்ஸில் ஓடும்" என்று பெட்டியின் மேல் அச்சடிப்பது அபூர்வம். அதனால் 1990களிலிருந்தே ஆட்கள் தாங்களாகவே பட்டியல் போட்டு வருகிறார்கள். பிரின்டர்களுக்கென்று தொகுக்கப்பட்ட ஓப்பன்பிரின்டிங் பட்டியலில் நான்கு தரங்கள் வைத்திருந்தார்கள். கடைசித் தரத்தின் பெயர் 'பேப்பர் வெயிட்'. அவ்வளவு துணிச்சல் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்குப் பிடித்த தரம் 'ஓரளவு ஓடும்'. சந்தேகம் வந்தால் ஓரளவு, சோம்பல் வந்தாலும் ஓரளவு.

முதலில் நான் சறுக்கியது ஆட்களின் எழுத்து நடையில். ஒருவர் ஒரு மடிக்கணினியைப் பற்றி அறிக்கை அனுப்பினார். தலைப்புகள், வரிசை எண்கள், எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டியதெல்லாம் அப்படியே, கடைசியில் ஒரு நன்றி. வைஃபை வருகிறது, சத்தம் வருகிறது, கேமரா தெரிகிறது. படித்து முடிக்கும் முன்பே என் விரல் பச்சையில் இருந்தது. அதே மாடலுக்கு இன்னொருவர் எழுதியது ஒரே ஒரு வரி: "மூடி வெச்சா திரும்ப எந்திரிக்கவே மாட்டேங்குது பேட்டரியும் காலி". ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. 'விவரம் போதாது' என்று திருப்பி அனுப்பினேன்.

அந்த மாடலை வாங்கப்போகிறவருக்குத் தெரிய வேண்டிய சங்கதி அந்த ஒரு வரிதான். மூடியைச் சாத்தினால் தூங்கி, திறந்தால் எழுவதற்கு பயாஸ், கெர்னல், கிராபிக்ஸ் டிரைவர் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். மடிக்கணினியில் அதிகம் சண்டித்தனம் செய்யும் இடங்களில் அது ஒன்று. பக்கம் பக்கமாக எழுதியவரோ பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதியவர். மூடியைச் சாத்தியே பார்த்ததில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை, நான்காவது தலைப்பின் கீழ் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான்தான் நான்காவது தலைப்பு வரை போகவில்லை.

அடுத்தது, ஒன்றுபோல் இருக்கும் பதிவுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் ஆசை. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை டாங்கிள் லினக்ஸ்காரர்கள் நடுவில் பிரபலம். முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸின் ஏஆர்9271 சிப். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப். மாடல் பெயர் மாறவில்லை. பதிப்பு எண் மட்டும் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும். முதலாவதைச் செருகினால் கெர்னலில் இருக்கும் டிரைவரே பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்குப் பலர் டிரைவரை வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே எனக்கு வந்த அறிக்கைகளில் பாதிப் பேர் 'அருமை' என்றார்கள், பாதிப் பேர் 'தலைவலி' என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தோரணையில் இரு தரப்பையும் கூட்டிவைத்து, எல்லாவற்றையும் ஒரே பதிவாக்கி, என் செல்லத் தரமான 'ஓரளவு ஓடும்' என்பதைக் கொடுத்தேன். நன்றாக ஓடுகிற டாங்கிள் ஒன்று, தொந்தரவு கொடுக்கிற டாங்கிள் ஒன்று. இரண்டையும் அழித்துவிட்டு, உலகில் எந்தக் கடையிலும் கிடைக்காத மூன்றாவது டாங்கிளை உண்டாக்கியவன் நான்.

இதில் தப்பிக்க எனக்குச் சாக்கும் இல்லை. யுஎஸ்பி பொருள் ஒவ்வொன்றும் செருகியவுடன் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்: செய்தவர் எண், பொருள் எண். பிசிஐ அட்டைகளிலும் அதே முறைதான். இன்டெல் அங்கே வைத்திருக்கும் எண் 8086, அதாவது 1978இல் அவர்களே வெளியிட்ட சிப்பின் பெயர். அந்த அளவுக்கு யோசித்து வைத்த ஏற்பாடு. எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டினால் எண்கள் வந்துவிடும். அனுப்பியவர்கள் தட்டி, ஒட்டியும் அனுப்பியிருந்தார்கள். 'அருமை' கோஷ்டிக்கு ஓர் எண், 'தலைவலி' கோஷ்டிக்கு வேறு எண். நான் பார்த்தது பெயரை.

மூன்றாவது, சுத்தம் செய்யும் வியாதி. படிக்க லட்சணமாக இருக்கட்டும் என்று கெர்னல் பதிப்பு, பயாஸ் தேதி போன்ற அசிங்கமான எண்களை அறிக்கைகளிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன். புதிய கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. பிராட்காம் தன் புதிய வைஃபை சிப்களுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில். அதற்கு முந்தைய வருடம் 'ஓடவில்லை' என்று எழுதியவர் சொன்னது உண்மை, பிந்தைய வருடம் 'ஓடுகிறது' என்றவர் சொன்னதும் உண்மை. எது எந்தக் காலத்துச் செய்தி என்று காட்டிக்கொடுப்பது நான் வெட்டியெறிந்த அந்த எண்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எழுத்துப்பிழை ஒன்றைக்கூட நான் விட்டுவைத்ததில்லை.

பொய்யர்களைப் பிடிக்கத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை காலத்தில் வேண்டுமென்றே பொய் எழுதியவர் ஒருவரும் என் கையில் சிக்கவில்லை. தான் எதைச் சோதித்தாரோ அதைத்தான் ஒவ்வொருவரும் எழுதினார். என் மேஜையைத் தாண்டும்போதுதான் அது பொய்யானது.

போகட்டும், என் சொந்த மடிக்கணினியைப் பற்றியாவது சரியாக எழுதினேனா? முழுப் பச்சை கொடுத்தேன். அதில் கைரேகை பார்க்கும் பட்டன் லினக்ஸில் உயிரில்லாமல் கிடக்கிறது. நான் கைரேகை வைப்பதில்லை, அதனால் என் கணக்கில் அது குறையே இல்லை. அறிக்கை எழுதியது நான், சரிபார்த்ததும் நான், டிக் போட்டதும் நான். மனைவியின் தம்பி அந்தப் பச்சையை நம்பி அதே மாடலை வாங்கிவிட்டு போன் செய்தான்.

"அத்தான், விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போயிடும் போலிருக்கு. எல்லாம் பச்சைன்னு போட்டிருந்துச்சே, யார் போட்டாங்கன்னு தெரியுமா?"

"விசாரிக்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன்: சரிபார்ப்பவர் தன் சொந்தப் பொருளுக்குத் தானே டிக் போடக் கூடாது, இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். கூட்டாளிகள் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த உற்சாகத்தில் என் மடிக்கணினி அறிக்கையைத் திருத்தி, விதியின்படி வேறொருவர் பார்வைக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. 'மூடியைச் சாத்திச் சோதித்ததாகத் தெரியவில்லை. கெர்னல் பதிப்பு இல்லை. விவரம் போதாது. முழு விவரங்களுடன் மீண்டும் அனுப்பவும்.'

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எத்தனை வருட சர்வீஸ், ஒரு மரியாதை வேண்டாமா, இதையே கொஞ்சம் பக்குவமாகச் சொல்லக் கூடாதா என்று வீட்டில் குதித்தேன். பதிலின் கடைசி இரண்டு வாக்கியங்கள் எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நானே எழுதி வைத்தவை என்பது சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. மூடியைச் சாத்தி, திறந்து, கெர்னல் எண்ணையும் சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் டிக் விழவில்லை. பாவம், அவருக்கும் சம்பளம் கிடையாது.