குண்டு விழுந்த ஊரின் குட்டிச் சாகசங்கள்

கேள்வி: போர்க்கால இங்கிலாந்துச் சிறுவர்களைப் பற்றி இத்தனை சாகச நாவல்கள் இருக்கின்றனவே, நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு களம் உண்டா? (வாசகர், பெரம்பலூர்)

பதில்: சாகசக் கதைக்கு முதல் தேவை, பெற்றோரை ஓரமாக நிறுத்துவது. அந்த வேலையை அங்கே அரசாங்கமே செய்து கொடுத்தது. 1939 செப்டம்பர் 1 முதல் லட்சக்கணக்கான நகரத்துப் பிள்ளைகள் பெயர் எழுதிய அட்டையும் விஷவாயு முகமூடிப் பெட்டியுமாகக் கிராமங்களுக்கு ரயிலேறினார்கள். 'நார்னியா' கதையின் நான்கு பிள்ளைகளும் அப்படி வந்தவர்களே. ராபர்ட் வெஸ்டாலின் 'தி மெஷின் கன்னர்ஸ்' (1975) இன்னும் துணிச்சலானது. விழுந்து நொறுங்கிய ஜெர்மன் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கியைக் கழற்றி ஒளித்துவைக்கிறான் சாஸ் மெக்கில். போர் பெரியவர்களைப் போலவே பிள்ளைகளையும் முரடாக்கும் என்பதை வெஸ்டால் மறைக்கவில்லை. நாவலின் பெருமையே அதுதான்.

நம்மிடமும் களம் உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்று சென்னையே காலியானது. மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டும் போட்டது. பர்மாவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் காட்டு வழியே நடந்தே வந்தன.

உங்கள் ஊர்ப் பக்கமே கதையைத் தொடங்கலாம். பெரம்பலூர் நகரில் இன்றும் ரயில் நிலையம் இல்லை. கதைக்கு அரியலூர் போதும். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன் அப்போதே அங்கே இருந்தது. சென்னையிலிருந்து தனியே வந்திறங்கும் அண்ணனும் தங்கையும், கையில் ஒரு டிரங்குப் பெட்டி, சற்றுத் தொலைவில் கடற்சிப்பிகள் கல்லாய்க் கிடக்கும் காரை கிராமத்து ஓடைகள்: முதல் அத்தியாயம் தயார்.