பச்சைக் குடத்தைப் படம் எடுப்பது எப்படி?

வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருளில் அழகைக் காணக் கிளம்பிவிட்டீர்கள். சபாஷ். கையில் செல்போன் இருக்கிறது, சமையல்கட்டு மூலையில் பச்சை பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

1. முதலில் குடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அடியில் படிந்த உப்புக்கறை, கை பட்டுப் பட்டு வெளுத்த கழுத்து, ஓட்டை விழுந்தபோது சூடு வைத்து ஒட்டிய தழும்பு எதுவும் படத்தில் வரக் கூடாது. போகவில்லையா? புதுக் குடம் வாங்குங்கள்.

2. காலை ஏழு மணிக்கு ஜன்னல் வெயில் குடத்தின் பாதியில் விழும். அதன் பச்சை பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் லேசாகப் படரும். அந்த நேரத்தில் தூங்குங்கள். நடுப்பகலில் எழுந்து குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு எடுங்கள். ஒளியின் நிற வெப்பநிலைக் கணக்கில் வெயில் சுமார் 5,500 கெல்வின், பல்பு சுமார் 2,700. எது வெள்ளை என்று கேமரா திருதிருவென முழிக்கும். குடத்துக்கு ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். ஃபிளாஷையும் தட்டிவிட்டால் நெற்றியில் விபூதி.

3. குனியாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் வில்லியம் எகிள்ஸ்டன் என்று ஒருவர் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தார். ஒரு பொருளுக்கு ஒரே படம் என்பது அவர் வழக்கம். என்ன ஆயிற்று? 1976-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய கலர் படங்களை மாட்டியபோது விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். கலர் விளம்பரத்துக்கு, கறுப்பு வெள்ளைதான் கலைக்கு என்றிருந்த காலம். (இன்று அந்த சைக்கிளைக் கும்பிடுகிறார்கள், அது வேறு கதை.) உங்களுக்கு ஏன் வம்பு? நின்றபடியே நாற்பது எடுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

4. குடம் தனியாக நின்றால் ஏழை வீடு மாதிரி இருக்கும். பக்கத்தில் பித்தளைச் சொம்பு, சாமந்திப்பூ, டபரா டம்ளர், நீங்கள் படிக்காத ஒரு கவிதைத் தொகுப்பு வையுங்கள். குடம் தெரியாமல் போனால் பாதகமில்லை.

5. இப்போது ஃபில்டர். கிளி ஏமாந்து வந்து உட்காரும்வரை பச்சையை ஏற்றுங்கள்.

6. இன்னமும் திருப்தி இல்லையா? கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். குடம் சாம்பலாகிவிடும், நீங்கள் கலைஞராகிவிடுவீர்கள். ‘மௌனம்’ என்று தலைப்பு வையுங்கள்.

7. தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே நீலம், மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று அறுபது குடம் வெயிலில் வரிசைகட்டி நிற்கும். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.